ஆள், முறை, அப்புறம்தான் கட்டடம்: பழைய பல்கலைக்கழகக் கோப்புகளைப் படிக்கும் வழி

வடசென்னையில், கல்மண்டபத்தில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி ஒரு பெண் இருக்கிறாள். அப்பா காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் வேலை பார்த்தவர். இவள் படித்து முன்னுக்கு வந்து இன்று ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர். போன ஜூன் மாதம் அவளைத் தன் கல்லூரியின் அகாடமிக் கவுன்சிலில், அதாவது படிப்பு விஷயங்களை முடிவு செய்யும் குழுவில், உறுப்பினராகப் போட்டார்கள். அன்று இரவே கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். "அத்தை, அங்க உட்காருறவங்க எல்லாம் பெரிய பெரிய ஆளுங்க. நான் போய் என்ன பேசுறது?"

நான் 33 வருடம் கல்லூரி அலுவலகத்தில் இருந்தவள். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். கல்லூரியைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கும் இணைப்புக் கோப்பு, மானியக் கோப்பு, பணியிடக் கோப்பு எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். அவளிடம் சொன்னேன்: "பேசுறது அப்புறம். முதல்ல நாலு சனிக்கிழமை எனக்குக் கொடு. சென்னைப் பல்கலைக்கழகம் 1904லிருந்து 1936 வரைக்கும் எப்படி நடந்தது, எப்படி வளர்ந்ததுன்னு படிச்சுட்டுப் போ."

அந்த 32 வருடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பரீட்சை நடத்திப் பட்டம் கொடுப்பதோடு நின்றிருந்த ஓர் அமைப்பு, பாடம் நடத்தவும் ஆராய்ச்சி செய்யவும் சொந்தமாக நூலகம் வைத்துக்கொள்ளவும் கற்றுக்கொண்டது அந்தக் காலத்தில்தான். ஒவ்வொரு அடியையும் ஒரு கூட்டத்தில் யாரோ கேட்டு, யாரோ மறுத்து, யாரோ விடாமல் வாங்கியிருக்கிறார்கள். ஒரு பொது நிறுவனத்தில் ஒரு பணியிடமோ ஒரு உதவித்தொகையோ எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முறையை இங்கே எழுதுகிறேன். கல்விக் குழு, ஆட்சிக் குழு, பெற்றோர் ஆசிரியர் கழகம் என்று எதில் உட்காரப் போகிறவர்களுக்கும் இது உதவும்.

என்ன படிப்பது, எங்கே படிப்பது

முக்கியமான புத்தகம் பல்கலைக்கழகக் காலண்டர். பெயரைப் பார்த்துத் தேதி கிழிக்கும் காலண்டர் என்று நினைத்துவிடாதீர்கள். சட்டம், விதிமுறைகள், பல்கலைக்கழகத்தின் பேரவையான செனட்டின் உறுப்பினர் பட்டியல், இணைப்புக் கல்லூரிகள், அறக்கட்டளைப் பரிசுகள் எல்லாம் சேர்ந்த தடித்த புத்தகம் அது. சில ஆண்டுகளின் காலண்டர்கள் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்திலேயே கிடைக்கின்றன. நேரில் பார்க்க வேண்டுமென்றால் எழும்பூரில் கன்னிமரா நூலகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. நம் பக்கத்துக்காரர்களுக்கு ராயபுரத்தில் மின்சார ரயில் ஏறி, பீச்சில் மாறினால் மூன்றாவது ஸ்டேஷன் எழும்பூர். பென்சில் எடுத்துப் போங்கள். பழைய தாள் பக்கத்தில் பேனாவைத் திறக்கவே கூடாது.

முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டாம். அப்படிப் படித்தால் பத்தாவது பக்கத்தில் தூங்கிவிடுவீர்கள். கையில் நான்கு கேள்விகளோடு போங்கள். இது எதற்காக இருக்கிறது? யார் உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள்? பணம் ஒரு முறை வருகிறதா, வருடா வருடம் வருகிறதா? விதி குறுக்கே நின்றபோது என்ன செய்தார்கள்?

நோக்கம் சொல்லும் வரி

முதல் சனிக்கிழமை மூன்று சட்டங்களின் தொடக்கப் பகுதியை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தோம்: 1857, 1904, 1923.

1857ஆம் ஆண்டுச் சட்டம், லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக வைத்து எழுதப்பட்டது. இலக்கியம், அறிவியல், கலை ஆகியவற்றில் தேர்ச்சி பெற்றவர்கள் யார் என்று பரீட்சை வைத்துக் கண்டுபிடிப்பது, அவர்களுக்குப் பட்டம் கொடுப்பது. நோக்கம் இவ்வளவுதான். பாடம் சொல்லிக்கொடுப்பது கல்லூரிகளின் வேலை. அன்றைய பல்கலைக்கழகத்துக்கு வகுப்பறையே தேவைப்படவில்லை. சேப்பாக்கத்தில் சிஸ்ஹோம் என்ற கட்டடக் கலைஞர் 1870களில் கட்டிய செனட் ஹவுஸும் கூட்டம் கூடவும் பரீட்சை நடத்தவும் பட்டமளிக்கவும் கட்டிய மண்டபம்தான்.

1904இல் கர்சன் பிரபு காலத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டம் வந்தது. அதன் மூன்றாவது பிரிவை அவளைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். மாணவர்களுக்குக் கற்பிக்க ஏற்பாடு செய்யலாம், பேராசிரியர்களையும் விரிவுரையாளர்களையும் நியமிக்கலாம், அறக்கட்டளைகளை ஏற்று நிர்வகிக்கலாம், நூலகமும் ஆய்வுக்கூடமும் அருங்காட்சியகமும் அமைக்கலாம். கடைசியில் ஒரு வரி வருகிறது: படிப்பையும் ஆராய்ச்சியையும் வளர்ப்பதற்கு உதவும் எதையும் செய்யலாம். அந்த வரியின் கீழே கோடு போட்டுக்கொள்ளச் சொன்னேன். ஒன்பது வருடம் கழித்துத் துறைமுகத்தில் வேலை பார்த்த ஓர் இளைஞனின் வாழ்க்கையில் இதே நோக்கம் வந்து நிற்கப்போகிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

1923ஆம் ஆண்டுச் சட்டம் நீதிக்கட்சி ஆட்சியில், கல்வி அமைச்சர் ஏ. பி. பாத்ரோ கொண்டுவந்தது. கற்பிக்கும் பல்கலைக்கழகம், மாணவர் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகம் என்று அது வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. செனட், நிர்வாகக் குழுவான சிண்டிகேட் இரண்டோடு அகாடமிக் கவுன்சில் என்ற மூன்றாவது அமைப்பையும் உண்டாக்கியது. "நீ போய் உட்காரப் போற நாற்காலிக்கு அங்கதான் வேர் இருக்கு" என்றேன். அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்ததைப் பார்த்தேன்.

இதையே உங்கள் நிறுவனத்துக்கும் செய்யுங்கள். சட்டமோ, சங்க விதியோ, அறக்கட்டளைப் பத்திரமோ, எது உங்களை உருவாக்கியதோ அதன் முதல் பக்கத்தைப் பிரதி எடுத்துப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் "இது நம்ம வேலை இல்லையே" என்று யாராவது சொல்லும்போது அந்தப் பக்கம்தான் பேசும்.

நாற்காலிகளை எண்ணுங்கள்

1904க்கு முன்னால் செனட் உறுப்பினராகப் போட்டால் ஆயுள் முழுவதும் உறுப்பினர். எண்ணிக்கைக்கும் வரம்பு இல்லை. புதிய சட்டம் பதவிக்காலத்தை 5 வருடம் ஆக்கியது. செனட்டின் அளவு அதிகபட்சம் 100 என்றது. இதில் 10 பேரைப் பதிவு பெற்ற பட்டதாரிகளும் 10 பேரைத் துறைப் புலங்களும் தேர்ந்தெடுக்கலாம். மீதி 80 வரை வேந்தர் நியமனம். வேந்தர் என்றால் சென்னை கவர்னர். அன்றாட நிர்வாகம் சிண்டிகேட்டின் கையில். துணைவேந்தர் தலைமை, அரசின் கல்வி இயக்குநர் பதவி வழி உறுப்பினர்.

இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். நூறில் எண்பது நாற்காலி அரசு கொடுத்தது. அந்தக் காலத்து இந்தியத் தலைவர்கள் இந்தச் சட்டத்தை ஏன் அவ்வளவு கடுமையாக எதிர்த்தார்கள் என்பது இந்த ஒரு எண்ணிலேயே புரிந்துவிடும். ஆனால் அதே சட்டம்தான் பேராசிரியரை நியமிக்கும் அதிகாரத்தையும் கொடுத்தது. கட்டுப்பாடும் வாய்ப்பும் ஒரே தாளில் வந்தன. வாய்ப்பைப் பிடித்துக்கொண்டு, கட்டுப்பாட்டைத் தளர்த்துவதற்கு 19 வருடம் போராடினார்கள். 1923இல் தேர்ந்தெடுக்கப்படும் இடங்கள் கூடின. எனக்கு அந்தப் பொறுமை மிகவும் பிடிக்கும். சட்டம் கெட்டது என்று ஒதுங்கியிருந்தால் நடுவில் கிடைத்த எதுவும் கிடைத்திருக்காது.

முதல் இந்தியத் துணைவேந்தராக எஸ். சுப்பிரமணிய ஐயர் வந்ததும் அதே 1904இல். யார் தலைமை நாற்காலியில் இருக்கிறார் என்பதையும் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தீர்மானம் ஏன் அந்த வருடம் நிறைவேறியது, அதற்கு முந்தைய வருடம் ஏன் நிறைவேறவில்லை என்பதற்குப் பல நேரம் அதில்தான் விடை இருக்கும்.

ரூபாயில் இரண்டு வகை

அலுவலகத்தில் தொடர் செலவினம், தொடராச் செலவினம் என்போம். கட்டடம், மேசை, கருவி எல்லாம் ஒரு முறை செலவழித்தால் முடிந்தது. சம்பளம், உதவித்தொகை, புத்தகம் வாங்கும் பணம் எல்லாம் வருடா வருடம் வேண்டும். வளர்ச்சி என்று எதைச் சொன்னாலும் இரண்டாவது வகையைத்தான் நான் முதலில் தேடுவேன்.

இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில், பெயர் வேண்டாம், ஒரு முறை மானியம் வாங்கி இயற்பியல் ஆய்வுக்கூடம் கட்டினார்கள். அந்தக் கோப்பை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. திறப்பு விழாவுக்கு ஷாமியானா போட்டோம், எல்லோருக்கும் கேசரி கொடுத்தோம். ஆய்வக உதவியாளர் பணியிடம் கேட்டு ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. மூன்று வருடம் அந்த அறை பூட்டியே கிடந்தது. ஆஸிலோஸ்கோப் பெட்டிகளின் மேல் ஒட்டிய டேப் கூடப் பிரிக்கப்படவில்லை. தினமும் காலையில் அந்தப் பூட்டைத் தாண்டித்தான் என் சீட்டுக்குப் போக வேண்டும். அந்த மூன்று வருடத்தில் அங்கே படித்து வெளியே போன பிள்ளைகளை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

இப்போது பழைய பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். அன்று அதன் முக்கிய வருமானம் பரீட்சைக் கட்டணம். 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்காக நடந்த டெல்லி தர்பாருக்குப் பிறகு வந்த ஆண்டுகளில் இந்திய அரசு பல்கலைக்கழகங்களுக்கு மானியம் கொடுக்கத் தொடங்கியது. சென்னை அதைக் கொண்டு பேராசிரியர் பதவிகளை உண்டாக்கியது. 1914இல் இந்திய வரலாறு, தொல்லியல் பேராசிரியராக எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் நியமிக்கப்பட்டார். அடுத்து இந்தியப் பொருளாதாரத்துக்கு இங்கிலாந்திலிருந்து கில்பர்ட் ஸ்லேட்டர் வந்தார்.

ஸ்லேட்டர் செய்ததைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். மாணவர்கள் கையில் ஒரு வினாப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது சொந்த ஊரையே ஆராய்ந்து வரச் சொன்னார். எத்தனை வீடு, எவ்வளவு நிலம், யாருக்கு எவ்வளவு கடன், கூலி எவ்வளவு. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, திருநெல்வேலிப் பக்கத்துக் கங்கைகொண்டான் போன்ற கிராமங்களின் கணக்கு அப்படித்தான் கிடைத்தது. 1918இல் அது புத்தகமாக வந்தது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதே ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போய், என்ன மாறியது என்று பார்த்தார்கள். இதற்குப் பெரிய கட்டடம் வேண்டியிருக்கவில்லை. ஒரு பேராசிரியர், ஒரு வினாத்தாள், ஊருக்குப் போகும் பிள்ளைகள். அவ்வளவுதான்.

வரலாற்றுப் பதவியையும் அப்படியே பின்தொடருங்கள். 1929இல் கிருஷ்ணசாமி ஐயங்கார் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலியில் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி உட்கார்ந்தார். சோழர் வரலாற்றை அவர் எழுதி, பல்கலைக்கழகம் வெளியிட்டது 1935லிருந்து. 1914இல் ஒருவர் கேட்டு வாங்கிய பதவி 21 வருடம் கழித்து அந்த நூலைக் கொடுத்தது. இப்படி ஒரு பதவியை வருடம் வருடமாகக் காலண்டரில் தேடிக்கொண்டே போவதுதான் நான் சொல்லும் முறையில் மிகவும் பயனுள்ள பயிற்சி. நானே மூன்று பதவிகளை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

மதிப்பீட்டைத் தாண்டிய கணக்கும் உண்டு. தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதி வேலை 1913இல் தொடங்கியது. ஒரு லட்சம் ரூபாயில் முடியும் என்று போட்ட கணக்கு, முடிவில் நான்கு லட்சத்தைத் தாண்டியது. முதலில் சாண்ட்லர் என்ற பாதிரியார் பதிப்பாசிரியர். 1926லிருந்து வையாபுரிப் பிள்ளை. 1924க்கும் 1936க்கும் நடுவில் ஆறு தொகுதிகள், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். 1939இல் பிற்சேர்க்கை. நடுவில் "பணம் தீர்ந்தது, மூடுங்கள்" என்று முடிவெடுத்திருந்தால் இன்று நம் கையில் அந்த அகராதி இல்லை. நீண்ட கால வேலைக்குப் பணம் கேட்கும்போது, தாமதமாகும் என்பதையும் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுப்பது நல்லது என்று அவளுக்குச் சொன்னேன். தணிக்கைக்கு வருபவர்கள் கேட்கும்போது அந்த ஒரு வரி காப்பாற்றும்.

முப்பது ரூபாய் குமாஸ்தாவின் கோப்பு

மூன்றாவது சனிக்கிழமை நூலகத்துக்குப் போகவில்லை. பிராட்வே போனோம்.

முதலில் எஸ்பிளனேடில் பச்சையப்பன் மண்டபம். கிரேக்கக் கோயில் போல வரிசையாகத் தூண்கள். 1906இல் கும்பகோணத்திலிருந்து வந்த கணித மேதை ராமானுஜன் படித்தது அன்று அந்தப் பகுதியில் இருந்த பச்சையப்பன் கல்லூரியில்தான். 1907 டிசம்பரில், பி.ஏ.வுக்கு முந்தைய எஃப்.ஏ. பரீட்சையில் தோற்றார். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் மனம் போகவில்லை. பட்டம் இல்லை. அங்கிருந்து நடந்தே சைவ முத்தையா முதலித் தெருவுக்குப் போனோம். பின்னாளில் மூன்று ரூபாய் வாடகையில் அவர் குடியிருந்த தெரு. இன்று மொத்த வியாபாரக் கடைகளுக்கு நடுவே மூட்டை தூக்குபவர்களுக்கு வழி விட்டு விட்டுத்தான் நடக்க வேண்டும். அப்புறம் கடற்கரைப் பக்கம், துறைமுகம். 1912 மார்ச் 1ஆம் தேதி போர்ட் டிரஸ்ட் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு அவர் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். என் அப்பாவும் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும்போது "இங்கதான் பாப்பா ராமானுஜம் வேலை செஞ்சாரு" என்று கை காட்டியது ஞாபகம் இருக்கிறது.

இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு வேண்டியது அதன் கோப்பு. ஓர் அலுவலகக்காரியின் கண்ணால் பாருங்கள்.

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உதவித்தொகை இருந்தது. அதை வாங்க முதுகலைப் பட்டம் வேண்டும். இவரிடம் இளங்கலை கூட இல்லை. விதிப்படி விண்ணப்பமே போட முடியாது. இப்போது தேதிகளைக் கவனியுங்கள். 1913 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜிலிருந்து கணித அறிஞர் ஹார்டி அவருக்கு எழுதிய கடிதம் வருகிறது. அதே மாதக் கடைசியில், வானிலை ஆய்வுத் துறைத் தலைவரும் கணித அறிஞருமான கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வருகிறார், ராமானுஜனின் நோட்டைப் பார்க்கிறார், பல்கலைக்கழகப் பதிவாளர் டியூஸ்பரிக்குக் கடிதம் எழுதுகிறார். துறைமுகத்தின் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங், தலைமைக் கணக்கர் நாராயண ஐயர் இருவரும் பின்னால் நிற்கிறார்கள். மார்ச்சில் கணிதப் பாடக் குழு கூடிப் பரிந்துரைக்கிறது. ஏப்ரலில் சிண்டிகேட். பட்டம் இல்லை என்ற தடை அங்கே எழுகிறது. ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகம் ஏற்பட்ட நோக்கங்களில் ஒன்று என்ற வாதம் வெல்கிறது. மே 1ஆம் தேதியிலிருந்து மாதம் 75 ரூபாய், 2 வருடத்துக்கு. நிபந்தனை: மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்த வேலைக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். அவரும் மூன்று அறிக்கைகள் கொடுத்தார். 1914 மார்ச் 17ஆம் தேதி இதே துறைமுகத்திலிருந்து நேவாசா கப்பலில் ஏறினார்.

கடிதத்திலிருந்து உதவித்தொகை வரை இரண்டு மாதச் சொச்சம். இன்றும் இவ்வளவு வேகமாக ஒரு கோப்பு நகர்வதை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

துறைமுகச் சுவருக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவளிடம் நோட்டை வாங்கி நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். ஒன்று, வெளியிலிருந்து, இதில் தனக்கு லாபம் இல்லாத ஓர் அறிஞரின் கடிதம். இரண்டு, பாடக் குழுவின் பரிந்துரை; அதாவது மேலே போவதற்கு முன் கீழே உள்ள சரியான குழுவின் கையெழுத்து. மூன்று, சட்டத்தின் நோக்கத்தோடு பொருந்தும் வாதம். நான்கு, எவ்வளவு தொகை, எவ்வளவு காலம், எப்படிக் கணக்குக் கொடுப்பார் என்ற நிபந்தனை. விதி குறுக்கே நிற்கும் எந்தப் பிள்ளைக்காகவும் நீங்கள் கோப்பு எழுதும்போது இந்த நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் நான்காவதை விட்டுவிடுவார்கள். கூட்டத்தில் தயங்குபவர்களுக்குத் தைரியம் கொடுப்பதே அதுதான். மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை வரும் என்று தெரிந்தால் "சரி, கொடுத்துப் பார்ப்போம்" என்று சொல்ல அவர்களுக்கு ஒரு பிடி கிடைக்கிறது.

அவள் கேட்டாள்: "ஹார்டி மாதிரி ஒருத்தர் எழுதலன்னா?" நியாயமான கேள்வி. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஹார்டி கிடைக்க மாட்டார். ஆனால் நாராயண ஐயர் போல, பக்கத்து மேசையில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டிப் பார்க்கும் ஒரு மேலதிகாரி கிடைக்கலாம். அப்படி ஒருவராக நாம் இருக்கலாம்.

நூலகம்: எத்தனை மணி வரை திறந்திருக்கிறது?

பல்கலைக்கழக நூலகம் முதலில் எழும்பூரில் கன்னிமராவோடு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. 1924 ஜனவரியில் மாநிலக் கல்லூரியில் கணக்கு ஆசிரியராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதனை நூலகராக நியமித்தார்கள். அதே வருடம் லண்டனுக்கு அனுப்பி நூலகத் துறையைப் படிக்க வைத்தார்கள். 1925இல் திரும்பி வந்தார். வாசகர்களே அலமாரிக்குப் போய்ப் புத்தகம் எடுக்கலாம் என்று திறந்துவிட்டார், நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டித்தார். 1928இல் சென்னை நூலகச் சங்கம். 1931இல் நூலகத்தின் ஐந்து விதிகள். முதல் விதியே புத்தகங்கள் பயன்படுத்துவதற்காகத்தான் என்பது. 1933இல், புத்தகங்களைப் பொருள் வாரியாக வகைப்படுத்தும் கோலன் பகுப்பு முறை. சேப்பாக்கத்தில் நூலகத்துக்குச் சொந்தக் கட்டடம் வந்தது 1936இல்.

வரிசையைப் பாருங்கள். முதலில் ஆள். அப்புறம் அந்த ஆளுக்குப் பயிற்சி. அப்புறம் முறை. 12 வருடம் கழித்துக் கட்டடம். என் பழைய கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்தோம்.

நம் பக்கத்துக் கணக்கு

இந்தக் கடைசிப் பகுதியை வடசென்னைக்காரர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

1904 சட்டத்தின் 21ஆவது பிரிவு, ஒரு கல்லூரி இணைப்பு கேட்டால் என்னென்ன காட்ட வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. முறைப்படி அமைந்த நிர்வாகக் குழு, தகுதியுள்ள ஆசிரியர்கள், தகுந்த கட்டடம், நூலகம், அறிவியல் பாடம் என்றால் ஆய்வுக்கூடம், நிதி வசதி, வெளியூர் மாணவர் தங்க இடம், முதல்வரும் ஆசிரியர்களில் சிலரும் கல்லூரியிலோ பக்கத்திலோ குடியிருக்க ஏற்பாடு. நான் இணைப்புக் கோப்பு எழுதிய காலத்திலும் ஆய்வுக் குழு வந்தால் கிட்டத்தட்ட இதே பட்டியலைத்தான் கையில் வைத்திருக்கும். நல்ல பட்டியல். மாணவர்களைக் காப்பாற்றிய பட்டியல். ஆனால் அதற்கு இடம் வேண்டும். ஜார்ஜ் டவுனில் இடம் எங்கே இருக்கிறது?

1923க்குப் பிறகு, தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகம் என்ற எண்ணம் வலுத்தது. விடுதி, விளையாட்டு மைதானம், மரம், காற்று. கிறித்துவக் கல்லூரி நம் எஸ்பிளனேடில்தான் இருந்தது. அதன் முதல்வர் வில்லியம் மில்லர் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தவர். 1937இல் அந்தக் கல்லூரி தாம்பரத்துக்குப் போனது. 1940இல் பச்சையப்பன் கல்லூரி சேத்துப்பட்டுக்குப் போனது. உயர் நீதிமன்றப் பக்கத்தில் சட்டக் கல்லூரி இருந்தது; ராயபுரத்து மருத்துவப் பள்ளி வளர்ந்து 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆனது. ஆனால் சாதாரண வீட்டுப் பிள்ளை பி.ஏ. படிக்க நடந்தே போகக்கூடிய இரண்டு பெரிய கல்லூரிகள் மூன்று வருடத்துக்குள் தெற்கேயும் மேற்கேயும் நகர்ந்துவிட்டன.

போனது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். தாம்பரம் வளாகத்தில் போய் நின்று பாருங்கள், அந்த மரங்களை ஒரு முறை பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் கோப்பில் ஒரு கேள்வி விடுபட்டுப்போனதாக எனக்குத் தோன்றுகிறது. காலியாகும் இடத்தில் யார் படிப்பார்கள்? பழைய வண்ணாரப்பேட்டையில் தியாகராயா கல்லூரி 1950இல் வந்தது. பிராட்வேயில் பெண்களுக்குப் பாரதி கல்லூரி 1964இல். வியாசர்பாடியில் அம்பேத்கர் கலைக் கல்லூரி 1973இல். நடுவில் போன வருடங்களை எண்ணிப் பாருங்கள். என் அம்மா 1950களில் பள்ளி முடித்தவள். மேலே படிக்க வேண்டுமென்றால் நகரத்தின் மறுகோடிக்குப் போக வேண்டும் என்று தாத்தா நிறுத்திவிட்டார். பாரதி கல்லூரி திறந்த வருடம் அவள் கையில் மூன்று குழந்தைகள்.

அதனால் எந்த விரிவாக்கத் திட்டம் மேசைக்கு வந்தாலும், புதிய வளாகம், புதிய பாடப்பிரிவு, இடமாற்றம், எதுவாக இருந்தாலும், தண்டையார்பேட்டையிலிருந்து கிளம்பும் ஒரு பெண் எத்தனை மணிக்கு அங்கே போய்ச் சேர்வாள், எத்தனை மணிக்கு வீடு திரும்புவாள் என்று கேளுங்கள். உங்கள் ஊரில் தண்டையார்பேட்டைக்குப் பதில் வேறு பெயர் இருக்கும். கேட்டதை நடவடிக்கைக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். பதிந்ததா என்று அடுத்த கூட்டத்தில் உறுதிப்படுத்தும்போது சரி பாருங்கள். வாயால் கேட்டுக் குறிப்பில் இல்லாத கேள்வி, இருபது வருடம் கழித்துப் படிப்பவருக்குக் கேட்காத கேள்விதான்.

நான்காவது சனிக்கிழமை அவள் தன் முதல் தீர்மானத்தை எழுதிக்கொண்டு வந்தாள். கல்லூரி நூலகத்தை மாலை 4 மணிக்குப் பூட்டாமல் 7 மணி வரை திறந்து வைக்க வேண்டும். பகுதி நேர வேலைக்குப் போய்வரும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்களாம். கல்லூரியின் நோக்கத்திலிருந்து ஒரு வரி எடுத்துப் போட்டிருந்தாள். நூலகக் குழுவின் பரிந்துரையை இணைத்திருந்தாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்குக் கொடுப்பதாகவும் எழுதியிருந்தாள். மாலை மூன்று மணி நேரத்துக்கு உதவியாளர் ஒருவரின் சம்பளம் எவ்வளவு, எந்தத் தலைப்பிலிருந்து வரும் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது. அதை நிரப்பி எடுத்துக்கொண்டு வா, அப்புறம் கையெழுத்துப் போடலாம் என்று தாளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.